குடலைப் பேசுவதில் என்ன கூச்சம்?

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு புகைப்படங்களோடு முடிந்துவிடுகிறது: முன்பு பருத்த உடல், பின்பு மெலிந்த உடல். இரண்டுக்கும் நடுவே இருக்கும் கழிப்பறையை யாரும் எழுதுவதில்லை. பசியை இவ்வளவு எழுதிய நம் மொழிக்கு மலத்தைப் பற்றிப் பேச இன்னும் நாக்கு கூசுகிறது.

1966இல் அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் தொடங்கிவைத்த முறை இன்றைய வடிவில் இரைப்பையைச் சுமார் 30 மில்லிலிட்டர் கொள்ளும் பையாகச் சுருக்கிச் சிறுகுடலோடு நேரே இணைக்கிறது. அதன்பின் இனிப்பு உண்டால், அது விரைந்து குடலில் இறங்கி நீரை ஈர்க்கிறது. அரை மணிக்குள் வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு. மருத்துவர்கள் இதை ‘டம்பிங்’ என்பார்கள். சிலருக்கு நேர்மாறு: உணவும் நீரும் குறைய, இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்து மலச்சிக்கல்.

சமாளிக்க வழியுண்டு. சிறிது சிறிதாக மென்று உண்ணலாம்; உணவோடு நீர் அருந்தாமல் அரை மணி கழித்துப் பருகலாம்; இனிப்பை விலக்கலாம். தொல்லை நீடித்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வெட்கம் தடுப்பது இந்தக் கடைசி வழியைத்தான். சொல்லத் தயங்குபவர் பந்தியைத் தவிர்க்கிறார், வெளியே கிளம்புமுன் பட்டினி கிடக்கிறார். ஏற்கெனவே சத்துக் குறைவாக உறிஞ்சும் உடலுக்கு அது பெருங்கேடு.

மெலிவை விற்பவர்களுக்கு இந்த மௌனம் வசதியானது. கத்தி படுமுன்பே நோயாளியிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அவரும் கூசாமல் கேட்க வேண்டும்.