பச்சை மட்டும் போதாது, பொழுதும் வேண்டும்

மலேசியாவில், ஜொகூரின் ரெங்கத்தில் பச்சைக்குப் பஞ்சமே இல்லை. இன்று ஊரைச் சுற்றிச் செம்பனை. அதற்கு முன் ரப்பர். மரங்களுக்கு நடுவே வாழ்ந்தாலே மன அழுத்தம் குறையும் என்றால், தலைமுறை தலைமுறையாக இத்தோட்டங்களில் உழைத்த தமிழர்கள்தான் நாட்டிலேயே நிம்மதியானவர்களாக இருந்திருக்க வேண்டும். இருந்தார்களா?

பச்சை மனத்துக்கு நல்லது என்னும் ஆய்வுகளைக் குறை சொல்வதற்கில்லை. பென்சில்வேனியா மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள் என்று 1984இல் ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் எழுதினார். வாரம் 120 நிமிடமாவது இயற்கைவெளியில் கழிப்பவர்கள் கூடுதல் உடல்நலத்தோடும் மனநிறைவோடும் இருப்பதாக, இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் திரட்டிய தகவல் 2019இல் காட்டியது. ஆனால் அந்த ஆய்வு கணக்கில் எடுத்தது ஓய்வுக்காகப் போன நேரத்தை. வேலைக்காக நின்ற நேரத்தை அல்ல.

ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பு. குளிர் இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும் என்பதால் தலைவிளக்கோடு மரநிரைக்கு ஓட்டம். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி சற்று ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம், வெட்டியவருக்கு ஏச்சு. மழை பிடித்தால் பால் சேரும் மங்கில் தண்ணீர் கலந்து அன்றைய பாடே வீண். மேகத்தை ரசிக்க அங்கே யாருக்கு மனம் வரும்? கவனத்தை வலிந்து பிடித்து நிறுத்துவதுதான் மனத்தைக் களைக்க வைக்கிறது, தானாக ஈர்க்கும் காட்சியில் அது ஆறுகிறது என்பது உளவியலாளர்களான ரேச்சல், ஸ்டீபன் கப்லன் தம்பதியின் விளக்கம். தோட்டத்து மரம் கவனத்தைக் கேட்டு வாங்கிய மரம்.

ஆக, மருந்து பச்சையில் மட்டும் இல்லை. அதன் நடுவே கடமையின்றி இருக்கும் பொழுதிலும் இருக்கிறது. மலேசியாவில் வார வேலை நேரத்தின் உச்சவரம்பு 2023 ஜனவரி முதல் 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைந்தது. அந்த 3 மணி நேரம் 120 நிமிடத்துக்குத் தாராளம். ஆனால் ஓவர்டைம் இல்லாமல் குடும்பம் ஓடாது என்பவருக்கு அது ஏட்டில் மட்டுமே மிச்சம். செம்பனைத் தோட்டமும் உலாவப் போகும் பூங்கா அல்ல, கம்பெனி நிலம். பக்கத்துக் குளுவாங்கின் லம்பாக் மலையில் ஏறலாம்தான். அதற்கும் ஒரு காலைப்பொழுது கையில் இருக்க வேண்டும்.

மரத்தடிக்குப் போங்கள் என்று தொழிலாளிக்கு அறிவுரை சொல்வது சுலபம். அவருக்கு வேண்டியது ஓவர்டைமை நம்பாத சம்பளமும், நடந்து போகும் தூரத்தில் ஒரு பொதுப் பூங்காவும். முதலாவதை முதலாளியிடமும், இரண்டாவதை ஊராட்சி மன்றத்திடமும் கேட்க வேண்டும்.