கடல் சாமந்திக்கு ஒன்றும் கிடைப்பதில்லையாமே!

பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்த யாரையாவது நடுராத்திரியில் எழுப்பி, கோமாளி மீனுக்கும் கடல் சாமந்திக்கும் என்ன உறவு என்று கேட்டுப் பாருங்கள். தூக்கத்திலேயே பதில் வரும்: "கமென்சலிசம்!" அதாவது ஒருவருக்கு லாபம், அடுத்தவருக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. என்.சி.இ.ஆர்.டி. பாடநூல் அப்படித்தான் சொல்லித் தருகிறது. மாமரக் கிளையில் ஒட்டி வளரும் ஆர்க்கிட்டோடு இதையும் ஒரே பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

இது தப்பு. சின்னத் தப்பும் இல்லை.

சாமந்தி என்றதும் பூ என்று நினைக்க வேண்டாம். ஜெல்லி மீனுக்குச் சொந்தக்கார விலங்கு அது. கைகள் முழுக்கக் கொட்டும் செல்கள். அதற்குள் மீன் பத்திரமாக இருக்கிறது, சரி. பதிலுக்கு மீன் ஒன்றுமே தருவதில்லையா?

தருகிறது. சாமந்தியின் கைகளைக் கடித்துத் தின்ன வரும் பட்டாம்பூச்சி மீன்களை இந்தக் குட்டி மீன் விரட்டி அடிக்கிறது. அதன் கழிவிலுள்ள அம்மோனியா, சாமந்தியின் உடலுக்குள் வாழும் நுண்பாசிகளுக்கு உரம். அந்தப் பாசிகள் ஒளிச்சேர்க்கையில் தயாரிக்கும் உணவில் சாமந்திக்கும் பங்கு உண்டு. இரவில் கைகளுக்கு நடுவே மீன் அசைந்துகொண்டே இருப்பதால் புது நீர் புகுந்து ஆக்சிஜன் கிடைக்கிறது என்று 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. பசிபிக்கின் மூரியா தீவில் நடந்து 2005இல் வெளியான ஆய்வோ இன்னும் தெளிவு: மீன் குடியிருக்கும் சாமந்தி வேகமாக வளர்கிறது, அதிகம் பெருகுகிறது, குறைவாகச் சாகிறது.

இதற்குப் பெயர் கமென்சலிசமா? இருவருக்கும் லாபம் என்றால் அது மியூச்சுவலிசம் என்று அதே பாடநூல்தானே சொல்கிறது!

"ஒரு வார்த்தைக்கு இவ்வளவு சண்டையா?" என்று சிலர் கேட்கலாம். சண்டை வார்த்தைக்காக இல்லை. சாமந்திக்கு மீனால் பயனே இல்லை என்று படித்தவன், கண்ணாடித் தொட்டிக்காகக் கடலில் மீனைப் பிடித்தால் சாமந்திக்கு என்ன நட்டம் என்றுதான் யோசிப்பான். காவல்காரனைத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று அவனுக்கு எப்படித் தோன்றும்?

அடி மறுபக்கமும் விழும். அதே மூரியாவில் 2016இல் கடல் சூடேறி, பாசிகளை இழந்த சாமந்திகள் வெளுத்துப்போயின. அவற்றில் இருந்த மீன்களின் இனப்பெருக்கம் 73 சதவீதம் சரிந்தது. ஒன்றைத் தொட்டால் இரண்டும் ஆடும். 'ஒருவருக்கு மட்டும் லாபம்' என்ற பாடத்தில் இது எங்கே வரும்?

மாணவர்களே, தேர்வில் மதிப்பெண் வேண்டுமானால் கமென்சலிசம் என்றே எழுதிவிட்டு வாருங்கள், வேறு வழியில்லை. ஆனால் நம்பிவிடாதீர்கள். ஆசிரியர்களே, அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறியாவது போடச் சொல்லுங்கள். பாடநூல் எழுதுபவர்கள் திருத்தும்வரை அதுவாவது இருக்கட்டும்.