கோழிக்கு ஊட்டிய கேப்சூல்



கச்சிராயபாளையத்திலிருந்து வளைந்து வளைந்து மலையேறி, சில வாரங்களுக்கு முன் வெள்ளிமலை போயிருந்தேன். சாமை காயப்போட்டிருந்த ஒரு வாசலில், கோழி ஒன்று இறக்கையைத் தொங்கவிட்டுத் தூங்கி விழுந்துகொண்டிருந்தது. வீட்டுக்கார அம்மா ஒரு கேப்சூலைப் பிரித்து, பொடியைச் சோற்றில் பிசைந்து அதற்கு ஊட்டினார்.

"புள்ளைக்குக் காய்ச்சல்னு வாங்குனது சார். மிச்சம் இருந்துச்சு" என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாலு கோழி என்றாலும் அதுதான் அந்த வீட்டின் கைக்காசு. மிச்ச மாத்திரை கிடக்காத வீடு நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். கோழி இப்படித் தூங்கி விழுந்தால் பல நேரம் அது வெள்ளைக்கழிச்சல். இராணிக்கெட் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்லும் இந்த நோய் வைரஸால் வருவது. அந்த கேப்சூலோ ஆன்டிபயாடிக். அது பாக்டீரியாவைக் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது. கோழி பிழைக்க அது உதவாது. அதே சமயம் கோழியின் குடலில் இருக்கும் பாக்டீரியாக்களில், அந்த மருந்துக்குச் சாகாதவை மட்டும் தங்கிப் பெருகும். எச்சத்தோடு வாசலுக்கும், எருவோடு தோட்டத்துக்கும், மழைநீரோடு ஓடைக்கும் அவை போய்ச் சேரும். குழந்தைகள் விளையாடுவதும் அதே வாசலில்தானே?

மலைக்குக் கீழே பெரிய பண்ணைகளுக்கு வந்தால் அளவு மாறுகிறது. ஆயிரக்கணக்கான கோழிகள் நெருங்கி வளரும் இடத்தில், நோய் வருமுன்பே தீவனத்திலும் தண்ணீரிலும் மருந்து கலக்கும் பழக்கம் பல பண்ணைகளில் உண்டு. சீக்கிரம் எடை கூடட்டும் என்பதற்காகவும் கலந்தார்கள். அப்படிக் கலக்கப்பட்ட ஒன்று கொலிஸ்டின். மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு ஐ.சி.யூ.வில் டாக்டர்கள் கடைசியாக எடுக்கும் மருந்து அது! அதையும் எதிர்த்து நிற்கும், ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய ஒரு மரபணு சீனாவில் பன்றிகளிடமும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் இருப்பது 2015-ல் தெரியவந்தது. 2019 ஜூலையில் நம் மத்திய அரசு, உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொலிஸ்டினைத் தடை செய்தது.

நல்ல முடிவுதான். ஆனால் ஒரு மருந்தைத் தடுத்தால் போதுமா? மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019-ல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 12.7 லட்சம் பேர் நேரடியாக உயிரிழந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பிரசவம், அறுவை சிகிச்சை, குழந்தையின் நிமோனியா என்று எல்லாவற்றிலும் நாம் நம்பியிருப்பது இந்த மருந்துகளைத்தான்.

அதற்காகச் சிக்கனையும் முட்டையையும் ஒதுக்க வேண்டியதில்லை. நன்றாக வெந்தால் பாக்டீரியா செத்துவிடும். பச்சைக் கறி வெட்டிய கத்தியாலும் பலகையாலும் அப்படியே வெங்காயத்தையும் தக்காளியையும் நறுக்குவதில்தான் ஆபத்து. கத்தியையும் பலகையையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மருந்து கொடுத்த கோழியை, 'சாவதற்குள் அறுத்துவிடலாம்' என்று குழம்பு வைக்காதீர்கள். உடம்பிலிருந்து மருந்து நீங்க நாள் ஆகும். எத்தனை நாள் என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். அட்டையில் சிவப்புக் கோடு போட்ட மருந்தை டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். மனிதருக்கு வாங்கியதைக் கோழிக்குக் கொடுக்காதீர்கள்.

வெள்ளைக்கழிச்சலுக்கு வழி தடுப்பூசிதான். குஞ்சுக்கு முதல் வாரத்தில் சொட்டு மருந்து, எட்டு வாரம் ஆனதும் இறக்கையில் ஊசி. பிப்ரவரி மாதத்தில் நம் கால்நடை பராமரிப்புத் துறை ஊர் ஊராக இலவச முகாம் நடத்துகிறது. அந்த அம்மாவிடமும் இதைத்தான் சொல்லிவிட்டு வந்தேன்.

உங்களுக்கும் அதுவே என் வேண்டுகோள். முகாம் அன்று காலையில் கோழிகளைத் திறந்துவிடாமல் பஞ்சாரத்திலேயே வைத்திருங்கள். பக்கத்து வீட்டுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்