சிவப்புச் சட்டை லைன்மேனுக்கும் வேண்டும்

நம்மில் பலருக்கு அண்ணனோ அக்காவோ அமெரிக்காவில் இருப்பார்கள். அங்கே வளரும் பிள்ளை பதினாலு வயதில் "ஹைஸ்கூல் ஃபுட்பால் டீமில் சேரப்போறேன்" என்று வந்து நின்றால் அம்மா அப்பாவுக்கு வயிற்றைக் கலக்கும். "நீ என்ன சொல்றே?" என்று இங்கே நமக்கும் போன் வரும். என் பதில் இதுதான்: ஆட்டத்தைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் பயிற்சி எப்படி நடக்கிறது என்று கேளுங்கள்.

அந்த ஊர் ஃபுட்பாலில் மூளை போல இருப்பவர் குவார்ட்டர்பேக். பந்தை வாங்கி, எதிரணியின் நிலையைப் படித்து, இரண்டு மூன்று விநாடிக்குள் யாருக்கு எறிவது என்று முடிவெடுப்பார். அவருக்கு முன்னால் மதில் மாதிரி நிற்கும் ஐந்து தடியர்கள் லைன்மேன்கள். எதிர்ப்பக்கமும் அதே போலத் தடியர்கள். ஒவ்வொரு முறை பந்து கிளம்பும்போதும் இவர்கள் முட்டிக்கொண்டே ஆக வேண்டும்.

ஒரு பள்ளி சீசனில் பத்துச் சொச்சம் ஆட்டம்தான். பயிற்சியோ வாரத்துக்கு நாலைந்து நாள். ஆக, அடி எங்கே சேர்கிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இதில் ஒரு வேடிக்கை. பயிற்சியில் குவார்ட்டர்பேக்குக்கு மட்டும் தனி நிறத்தில், பெரும்பாலும் சிவப்பில், சட்டை கொடுப்பார்கள். 'இவரைத் தொடாதே' என்று அர்த்தம். தொடாமலேயே அவர் எல்லாம் கற்றுக்கொள்கிறார்: பின்னால் எடுத்து வைக்கும் அடிகள், கண் போகும் வரிசை, பந்தை விடும் நேரம். அடி வாங்காததால் அவர் திறமை குறைந்தது என்று எந்தக் கோச்சும் சொன்னதில்லை. அப்படியானால் லைன்மேன் மட்டும் தினமும் முட்டித்தான் கற்க வேண்டுமா?

லைன்மேன் வேலையிலும் பாதிக்கு மேல் மூளையும் காலும்தான். எதிரணி எந்தப் பக்கமிருந்து ஆளை அனுப்பினால் யார் யாரைத் தடுப்பது, முதல் அடி எந்தக் காலில், கை எங்கே படவேண்டும், ஐந்து பேரும் ஒரே ஆள் போல நகர்வது எப்படி. இதையெல்லாம் நடை வேகத்தில் நடந்தே பழகலாம். திணிப்பு மூட்டையிலும் தள்ளுவண்டியிலும் பழகலாம். முழு வேகத்தில் முட்டினால் இதில் எதையும் நின்று திருத்த முடியாது.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. மின்னசோட்டாவில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியின் ஜான் கலியார்டி பயிற்சியில் டாக்கிள் செய்யவே விடமாட்டார். 2012-ல் ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் 489 வெற்றிகள், கல்லூரி ஃபுட்பாலில் அதுவே அதிகம். டார்ட்மவுத் கல்லூரியில் பட்டி டீவன்ஸ் 2010-ல் பயிற்சியில் ஆளை ஆள் வீழ்த்துவதை நிறுத்தினார். பின்னால் ரிமோட்டில் ஓடும் பொம்மையை வைத்துப் பழக்கினார். அந்த அணி 2015-ல் ஐவி லீக் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது. 2016-ல் ஐவி லீக் முழுவதுமே சீசன் பயிற்சிகளில் டாக்கிளைக் கைவிட்டது.

மறுபக்கமும் நியாயம் உண்டு. எதிரில் நிற்பவன் பலத்தை உடம்பில் உணராமல் நல்ல லைன்மேன் உருவாக முடியாது என்பார்கள் பழைய கோச்சுகள். உண்மைதான், மூட்டை திருப்பித் தள்ளாது. அதனால் முட்டலே கூடாது என்று நான் சொல்லவில்லை, அளவோடு என்கிறேன். கலிஃபோர்னியா 2014-ல் போட்ட சட்டம் பள்ளி அணிகளுக்கு வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு 90 நிமிடம் என்று எல்லை வைத்தது. எனக்கு அது சரியாகப் படுகிறது.

ஏன் இவ்வளவு கவலை? பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் மைக் வெப்ஸ்டர் 2002-ல் ஐம்பது வயதில் இறந்தார். அவர் மூளையைச் சோதித்த டாக்டர் பென்னட் ஒமாலு கண்டது சி.டி.இ. என்னும் மூளைச் சிதைவு. வெப்ஸ்டர் ஒரு லைன்மேன். 631 ஆட்டக்காரர்களின் மூளைகளை ஆராய்ந்து 2023-ல் வந்த ஆய்வு, மயங்கி விழும் பெரிய அடிகளின் எண்ணிக்கையை விட வருடக்கணக்கில் சேரும் மொத்த அடிகளின் பலமே இந்த நோயோடு அதிகம் தொடர்புடையது என்றது. லைன்மேனுக்குச் சேர்வது அதேதான். 2022 முகாமில் என்.எஃப்.எல். அமைப்பே ஹெல்மெட் மேல் மெத்தைத் தொப்பியைக் கட்டாயமாக்கியபோது அந்தப் பட்டியலில் லைன்மேன்கள் இருந்தார்கள், குவார்ட்டர்பேக்குகள் இல்லை.

சைக்கிள் விபத்தில் அடிபட்டு 2023-ல் டீவன்ஸ் இறந்தார். அவர் மூளையிலும் சி.டி.இ. இருந்ததாகக் குடும்பத்தார் அடுத்த வருடம் சொன்னார்கள். கல்லூரி நாட்களில் அவர் குவார்ட்டர்பேக். மற்றவர் பிள்ளைகளை எதிலிருந்து காக்கப் பார்த்தாரோ அது அவருக்குள்ளேயே இருந்திருக்கிறது.

ஆகவே அக்கா, அத்தான், கையெழுத்துப் போடுமுன் கோச்சிடம் மூன்று கேள்வி. வாரத்தில் எத்தனை நிமிடம் முழு முட்டல்? மற்ற நாட்களில் லைன்மேன்களுக்கு என்ன பயிற்சி? தலையில் அடிபட்ட பையனைத் திரும்ப இறக்குவது யார் முடிவு? முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற கோச்சிடம் பிள்ளையை விடலாம். "ஆம்பளைப் பசங்கன்னா அப்படித்தான்" என்பவரிடம் வேண்டாம்.