பேரீச்சம்பழத்துக்குப் போடலாமா?

"இந்த கம்ப்யூட்டர் பழசாயிடுச்சு, தூக்கிப் போடுங்க!" இதைக் கேட்டாலே எனக்கு மனசு பொறுக்காது. செயின் அறுந்தால் செயினைத்தானே மாற்றுகிறோம்? சைக்கிளையே பேரீச்சம்பழத்துக்குப் போடுகிறோமா? நம் கணினி ஆய்வகத்தின் ஓரத்தில் அடுக்கி வைத்திருக்கும் பழைய கணினிகளுக்காகத்தான் இந்த வக்காலத்து.

நண்பர்களே, கம்ப்யூட்டர் 'ஸ்லோ' என்கிறோமே, அதில் எது ஸ்லோ? பெரும்பாலும் பிராசஸர் இல்லை, ஹார்ட் டிஸ்க்தான்! அதன் உள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுற்றுகிறது. அதன்மேல் ஒரு முனை நகர்ந்து நகர்ந்து தகவலைத் தேடுகிறது. ஒவ்வொரு தேடலுக்கும் சுமார் 10 மில்லி செகண்டு ஆகும். எஸ்.எஸ்.டி.யில் சுற்றுகிற பாகமே கிடையாது. 0.1 மில்லி செகண்டு போதும். அடுத்தது ரேம். அது போதாவிட்டால் கணினி ஹார்ட் டிஸ்கையே ரேம் மாதிரி பயன்படுத்தும். அப்புறம் ஆமை வேகம்தான்!

"அதெல்லாம் சரிப்பா, விண்டோஸ் 11 ஏறாதே?" என்பீர்கள். நியாயமான கேள்வி. 2021-இல் வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நன்றாக ஓடுகிற கணினியும் இதனால் செல்லாக்காசு ஆகிவிடுகிறது.

இதற்கு வழி லினக்ஸ். உதாரணமாக, எக்ஸ்.எஃப்.சி.இ. முகப்புள்ள லினக்ஸ் மின்ட் 4 ஜி.பி. ரேமில் தாராளமாக ஓடும். சி++, பைத்தான் பயிற்சி செய்யலாம். லிப்ரே ஆபீஸில் கட்டுரை அடிக்கலாம். தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. எல்லாமே இலவசம்!

"புது முகப்பு குழப்புமே" என்று பயப்பட வேண்டாம். ஸ்டார்ட் பட்டன் 1995-இல் வந்தது. 2012-இல் விண்டோஸ் 8 அதை எடுத்துவிட்டது. 2013-இல் பட்டன் திரும்பியது, 2015-இல் பழைய மாதிரி மெனுவும் வந்தது. 2021-இல் பட்டன் நடுவுக்கு நகர்ந்தது. அவர்கள் மாற்ற மாற்ற எல்லோரும் பழகிக்கொள்ளத்தானே செய்தார்கள்? லினக்ஸில் முகப்பைத் தேர்ந்தெடுப்பதே நாம்தான். பட்டை கீழேயா மேலேயா, மெனு எந்த மூலையில் என்பதெல்லாம் நம் இஷ்டம்!

எல்லாப் பழசையும் காப்பாற்றலாம் என்று நான் சொல்லவில்லை. மதர்போர்டில் கெப்பாசிட்டர் உப்பிப்போனதையும், 1 ஜி.பி. ரேமோடு திணறுவதையும் விட்டுவிடலாம். விண்டோஸில் மட்டுமே ஓடும் மென்பொருள் தேவைப்படும் அலுவலகக் கணினியை மாற்றத்தான் வேண்டும். ஆனால் செத்த கணினியின் ரேம் இன்னொன்றுக்கு உயிர் கொடுக்கும். டி.டி.ஆர்.3 ரேம் டி.டி.ஆர்.4 இடத்தில் பொருந்தாது, அதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு என் பணிவான வேண்டுகோள்: பழைய இரும்புக்குப் போடும் முன், இரண்டே இரண்டு கணினிகளை மட்டும் எங்களிடம் கொடுங்கள். எஸ்.எஸ்.டி. மாட்டி, லினக்ஸ் ஏற்றித் தருகிறோம். ஒரு வாரம் வகுப்பில் ஓட்டிப் பாருங்கள். செய்முறை வகுப்பில் ஒரு கணினிக்கு மூன்று பேர் முட்டிக்கொண்டு உட்காருகிறோம். அந்த மூன்றாவது ஆளுக்கும் ஒரு கீபோர்டு கிடைக்கட்டுமே!

– கணினிப் பிரியன், பதினொன்றாம் வகுப்பு