ஏலமலைக் கூலியும் ஓட்டும்

கம்பம் பள்ளத்தாக்கில் தேர்தல் வந்துவிட்டால் மலையேறுகிற ஜீப்புகளுக்குத் திடீரென்று ஒரு மரியாதை வந்துவிடுகிறது. மற்ற நாட்களில் அவற்றைத் திரும்பிப் பார்ப்பாரில்லை. விடிவதற்கு முன்பே கம்பத்திலும், கூடலூரிலும், தேவாரத்திலும், போடியிலும் தூக்குச்சட்டியுடன் பெண்கள் வந்து நிற்பார்கள். வண்டி கொள்ளுகிற அளவுக்கு மேல் அவர்களை அடைத்துக்கொண்டு குமுளி வழியாகவும், கம்பம்மெட்டு வழியாகவும், போடிமெட்டு வழியாகவும் ஜீப்புகள் மேலே போகும். வண்டன்மேட்டிலும், நெடுங்கண்டத்திலும், உடும்பன்சோலையிலும் பகலெல்லாம் ஏலச்செடிக்குக் கீழே குனிந்து பழம் எடுத்துவிட்டு இருட்டுகிற நேரத்தில் இறங்கி வருவார்கள். வளைவில் ஒரு வண்டி உருண்டால் மறுநாள் பத்திரிகையின் ஒரு மூலையில் நாலு வரி வரும். அவ்வளவுதான் அவர்களுக்குள்ள யோக்கியதை. ஆனால் தேர்தல் தேதி குறித்த மறுநாளே, “என்னம்மா, உனக்கு ஓட்டு மேலேயா, கீழேயா?” என்று கேட்டுக்கொண்டு கரை வேட்டிகள் ஜீப் நிற்குமிடத்துக்கு வந்துவிடுகின்றன. மலைக்கு மேலிருந்தும் ஆள் வருகிறது.

இத்துடன் “இரட்டை ஓட்டு” என்கிற கூச்சலும் கிளம்பிவிடும். தேனி ஜில்லாவிலும் இடுக்கி ஜில்லாவிலும் ஒரே ஆளின் பெயர் ஓட்டர் ஜாபிதாவில் இருக்கிறதென்றும், தமிழ்நாட்டிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து கேரளத்துத் தேர்தலை ஜெயிக்கிறார்களென்றும் புகார் எழும். மெட்டுகளில் வண்டிகளை நிறுத்தி விரலில் மையிருக்கிறதா என்று பார்ப்பார்கள். 2021-இல் இரண்டு ராஜ்யங்களுக்கும் ஏப்ரல் 6-ந் தேதி ஒரே நாளில் சட்டசபைத் தேர்தல் நடந்தது. 2024 பார்லிமெண்டுத் தேர்தலிலோ தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19, கேரளத்துக்கு ஏப்ரல் 26. நடுவில் ஒரு வாரம் இடைவெளி விட்டால் சந்தேகத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இரட்டை ஓட்டை நாம் ஆதரிக்கவில்லை. 1950-ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 17, 18-ஆவது பிரிவுகள், ஒருவர் பெயர் ஒரு தொகுதியில்தான், அதிலும் ஒரே தடவைதான் இருக்கலாமென்று தெளிவாகச் சொல்லுகின்றன. எங்கே சாதாரணமாகக் குடியிருக்கிறாரோ அங்கேதான் ஓட்டு. ஓர் ஊரில் வீடு சொந்தமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அங்கே ஓட்டு வந்துவிடாதென்று 20-ஆவது பிரிவு கூறுகிறது. ஆனால், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கூலிக்காரி இரண்டு ஊரில் இரண்டு மனு எழுதிப்போட்டு, இரண்டு ராஜ்யத்து அதிகாரிகளையும் ஏமாற்றிவிட்டாள் என்று நம்பச் சொன்னால் எப்படி நம்புவது? மேலே மனு எழுதியவன் ஒரு கட்சிக்காரன். கீழே எழுதியவன் இன்னொரு கட்சிக்காரன். கையெழுத்துப் போட்டவள் பேரில் குற்றம். எழுதிக்கொடுத்தவன் பேரில் ஒன்றுமில்லை. இந்த நியாயம் எந்த ஊர் நியாயமென்று நமக்கு விளங்கவில்லை.

இவர்களுடைய தலையை எண்ணுவதில் நடந்த பித்தலாட்டம் இன்றைக்கு நேற்றைக்கு ஆரம்பித்ததல்ல. தேவிகுளம், பீர்மேடு தாலூக்காக்களில் தேயிலைக்கும் ஏலத்துக்கும் காடு வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 1952-இல் 8 ஸ்தானங்களைப் பிடித்தது. அது ஆதரவை விலக்கிக்கொண்டதும் 1953-இல் ஏ.ஜே.ஜான் மந்திரிசபை கவிழ்ந்தது. 1954-இல் அதற்கு 12 ஸ்தானங்கள் கிடைத்தன. தமிழர் ஓட்டு சர்க்காரையே ஆட்டிவைக்கிறதே என்கிற எரிச்சல் அதிகார வர்க்கத்துக்கு உண்டாயிற்று. அதே காலத்தில் பட்டம் தாணுப்பிள்ளையின் சர்க்கார் மலைமேல் குடியேற்றத் திட்டமொன்றைத் தொடங்கி, கீழ்நாட்டு மலையாளக் குடும்பங்களுக்கு ஐந்து ஏக்கர் வீதம் நிலம் கொடுத்தது. நெடுங்கண்டத்துக்கு அருகில் கல்லாரிலுள்ள பட்டம் காலனி இன்றும் அவர் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. வந்தவர்கள் பட்டினிக்காரர்கள், அவர்கள்மேல் நமக்கு ஆத்திரமில்லை. ஆனால் அவர்களைக் கொண்டுவந்து வைத்தவர்களுக்கு வயிற்றுக் கவலையோடு எல்லைக் கவலையும் இருந்தது என்பதை மறைக்க முடியாது.

பிறகு பசல் அலி தலைமையில் ராஜ்யப் புனரமைப்புக் கமிஷன் வந்தது. அதில் குன்ஸ்ருவும் கே.எம்.பணிக்கரும் மற்ற இருவர். 1955-இல் அறிக்கை வெளியாயிற்று. கன்னியாகுமரிப் பக்கத்து நான்கு தாலூக்காக்களும் செங்கோட்டையும் சென்னை ராஜ்யத்துக்குப் போகலாமாம். தேவிகுளமும் பீர்மேடும் போகக்கூடாதாம். என்ன காரணம்? அங்கே தமிழர்கள் அதிகமாயிருப்பது வாஸ்தவந்தானாம். ஆனால் அவர்கள் எஸ்டேட் கூலிகளாம், வந்து வந்து போகிறவர்களாம். ஆகவே அந்தக் கணக்கு கணக்கில் சேராதாம்! அங்கேயே பிறந்து, அங்கேயே கல்யாணம் செய்து, அங்கேயே புதைக்கப்பட்டவர்கள்கூட வந்துபோகிறவர்களென்றால், எஸ்டேட்டை வாங்கிப்போட்ட வெள்ளைக்காரக் கம்பெனி மாத்திரம் எந்த மண்ணில் முளைத்தது? 1956 நவம்பர் 1-ந் தேதி எல்லை பிரிந்தது. மலை கேரளத்துக்குப் போயிற்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், கணக்கில் சேராத அதே ஜனங்கள் இரண்டு வருஷத்துக்குள்ளாகவே கேரள அரசியலுக்குக் கண்ணும் மூக்குமாகிவிட்டார்கள். 1957-இல் நம்பூதிரிபாத் மந்திரிசபை மிகச் சொற்ப மெஜாரிட்டியில் பதவிக்கு வந்தது. தேவிகுளத்தில் ஜெயித்த ரோசம்மா புன்னூசின் தேர்தல் செல்லாதென்று தீர்ப்பாகி, 1958-இல் இடைத்தேர்தல் நடந்தது. ஓரிரண்டு ஓட்டில் நிற்கிற மந்திரிசபை. ஆதலால் இரண்டு பக்கத்துப் பெரிய தலைகளும் மலையேறின. அப்பொழுது கம்யூனிஸ்டுகள் நம் பள்ளத்தாக்கிலிருந்து, பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசனை அழைத்துக்கொண்டு போனார்கள். அவரும் தம்பியும் லயம் லயமாகத் தமிழில் பாடினார்கள். ரோசம்மா மறுபடியும் ஜெயித்தார். கமிஷனுக்குக் கேளாத தமிழ், ஓட்டுப்பெட்டிக்கு மட்டும் நன்றாய்க் கேட்டது.

நமக்குக் கேரளத்தின் பேரில் தனிக் கோபமில்லை. கடல் தாண்டி இலங்கையைப் பாருங்கள். 1947 தேர்தலில் தோட்டத் தமிழர்களின் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஸ்தானங்களைப் பிடித்தது. வேறு பல தொகுதிகளிலும் அவர்களுடைய ஓட்டு இடதுசாரிகளுக்குப் போயிற்று. மறுவருஷமே குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பனோ பாட்டனோ இலங்கையில் பிறந்ததற்குச் சாட்சி கொண்டுவா என்றார்கள். கூலி லயத்தில் பிறப்புச் சீட்டை யார் பெட்டியில் வைத்திருந்தார்கள்? 1949-இல் ஓட்டும் போயிற்று. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று பங்குபோட்டார்கள். மீதி 1,50,000 பேரைப் பத்து வருஷம் கழித்துப் பாதிப்பாதியாய்ப் பிரித்துக்கொண்டார்கள். மாட்டுச்சந்தையில்கூட மாட்டின் பல்லையாவது பார்ப்பார்கள். எஞ்சியிருந்தவர்களுக்கு முடிவாக வழி பிறந்தது 2003-ஆம் வருஷத்துச் சட்டத்தில்தான்.

அமெரிக்கா பெரிய ஜனநாயகமாயிற்றே, அங்கேயாவது வேறுமாதிரியா என்றால் அங்கும் இதே கதைதான். கலிபோர்னியாவில் 1994-இல் பீட் வில்சன் என்கிற கவர்னர், அனுமதிச் சீட்டில்லாமல் வந்தவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமில்லை, வைத்தியமில்லை என்கிற 187-ஆவது பிரேரணையைத் தூக்கிப் பிடித்து, அந்தத் தேர்தலில் ஜெயித்தும்விட்டார். சட்டத்தைக் கோர்ட்டு நிறுத்திவைத்தது. ஆனால் அந்த அவமானத்தைப் பார்த்த ஸ்பானிய மொழிக்காரர்கள் கூட்டங்கூட்டமாகக் குடியுரிமை வாங்கி ஜாபிதாவில் ஏறினார்கள். 1988-க்குப் பிறகு அந்த ராஜ்யத்தில் எந்தக் குடியரசுக் கட்சி ஜனாதிபதி அபேட்சகரும் ஜெயித்ததில்லை. இது ஒன்றே காரணமென்று நாம் சொல்லவரவில்லை. ஆனால் இதுவும் ஒரு காரணம்.

சரி, அப்படியானால் அந்த ஓட்டுகளெல்லாம் எதிர்க்கட்சியின் பாட்டன் சொத்தா? அதுவுமில்லை. டெக்ஸாசில், மெக்சிகோ எல்லையில் ஸ்டார் என்று ஒரு ஜில்லா. ஏறக்குறைய எல்லோருமே ஸ்பானிய மொழி வம்சத்தார். 1892-க்குப் பிறகு குடியரசுக் கட்சி ஜனாதிபதி அபேட்சகர் எவருக்கும் அது கைகொடுத்ததில்லை. அந்த ஜில்லா 2024-இல் டிரம்புக்கு ஓட்டுப் போட்டது. குடியேறியவர்களைத் துரத்துவேன் என்று சொல்லித் திரிந்த அதே டிரம்புக்கு! விலைவாசி என்கிறார்கள், வேலை என்கிறார்கள், தங்களுக்குப் பின்னால் வந்தவனைக் கண்டு முன்னால் வந்தவன் பயந்தான் என்கிறார்கள். நமக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. ஆனால் “இவர்கள் எங்கே போய்விடுவார்கள்?” என்று இறுமாந்திருந்த கட்சிக்கு அது சரியான சூடு.

தேவிகுளமும் இதைத்தான் சொல்லுகிறது. 1991, 1996, 2001 மூன்று தேர்தல்களிலும் காங்கிரசின் ஏ.கே.மணி, 2006, 2011, 2016 மூன்று தேர்தல்களிலும் மார்க்சிஸ்டு எஸ்.ராஜேந்திரன். அதே லயம், அதே ஜனங்கள். 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள் நாளொன்றுக்கு 232 ரூபாய் கூலி போதாதென்றும், 20 சதவிகிதம் போனஸ் வேண்டுமென்றும் ரோட்டில் உட்கார்ந்தபோது எந்தக் கட்சித் தலைவரையும், எந்தச் சங்கத் தலைவரையும் கிட்டே அண்டவிடவில்லை. கூலி 301 ரூபாயாயிற்று. அவ்வருஷக் கடைசியில் நடந்த ஸ்தல ஸ்தாபனத் தேர்தலில் அவர்கள் தாங்களே நின்று சில ஸ்தானங்களையும் பிடித்தார்கள். மந்தை என்று நினைத்தவர்களுக்கு முகம் வெளுத்தது.

2021-இல் அங்கே ஜெயித்த ஏ.ராஜாவின் கதையையும் சொல்ல வேண்டும். தமிழில் பிரமாணம் எடுத்தார். மொழிபெயர்ப்பில், கடவுள் பேரால் என்பதோ, உளமார என்பதோ விடுபட்டுப் போயிற்றாம். மறுபடியும் எடுக்கச் செய்தார்கள். (கடவுள் இல்லாமல் ஒரு வாரம் சட்டசபை நடந்தும் கூரை இடிந்து விழவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க.) பிறகு தனித்தொகுதிக்கு இவர் தகுதியா என்று வழக்கு. கிறிஸ்தவரா, இந்துப் பறையரா என்பது ஒரு கேள்வி. பாட்டன் 1950-க்கு முன் மலையேறினாரா என்பது இன்னொரு கேள்வி. 2023 மார்ச்சில் ஐக்கோர்ட்டு தேர்தல் செல்லாதென்றது. 2025 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு செல்லுமென்றது. இரண்டு வருஷத்துக்கு மேல் ஒரு பிரதிநிதியின் ஜாதியையும் பாட்டனின் பயணத்தையும் ஆராய்ந்தார்கள். கீழே தீண்டப்படாதவனாக இருந்த ஒருவன் மெட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால், தீண்டாமை அவனோடு கூடவே வருகிறது. சலுகை மாத்திரம் சோதனைச் சாவடியில் நின்றுவிடுகிறது!

நிற்க, இப்போதைய விஷயத்துக்கு வருவோம். 2025 நவம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஒரே சமயத்தில் ஜாபிதாவைத் தீவிரமாகத் திருத்தும் வேலை தொடங்கிற்று. உன் பெயரோ உன் தாய் தகப்பன் பெயரோ இருபது வருஷத்துக்கு மேற்பட்ட பழைய ஜாபிதாவில் இருக்கிறதா என்று கேட்டார்கள். இரண்டு பக்கமும் பெயர் இருப்பது குற்றம். ஆனால் இரண்டு பக்கமும் பெயர் இல்லாமற் போவது அதைவிடப் பெரிய கேடு. மேலே கேட்டால் “நீ தேனிக்காரி” என்பான். கீழே கேட்டால் “நீ மலையில்தானே இருக்கிறாய்” என்பான். 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாற்றுத் தகராறு மூண்டபோது, உயிருக்குப் பயந்து காட்டு வழியாக நடந்தே இறங்கி வந்த பெண்களை இரண்டு பக்கத்தாரும் எவ்வளவு சீக்கிரம் மறந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆகவே, தினம் ஏறி இறங்குகிறவர்கள் கீழேயும், லயத்தில் குடியிருப்பவர்கள் மேலேயுமாக, ஓரிடத்தில் தங்கள் பெயரைத் தாங்களே போய்ப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். கங்காணி பார்த்தான், ஏஜெண்டு பார்த்தான் என்று இருந்துவிடக்கூடாது.

இன்னொன்று. 1951-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 135-பி பிரிவு, ஓட்டுப் போடும் நாளில் கூலியோடு விடுமுறை கொடுக்க வேண்டுமென்கிறது. தினக்கூலிக்கும் அது உண்டு. கம்பத்தில் ஓட்டுள்ள பெண் வண்டன்மேட்டில் வேலை செய்தால், தமிழ்நாட்டுத் தேர்தல் நாளில் அவளுக்கு அந்த ஒருநாள் கூலியைக் கொடுத்த தோட்டங்கள் எத்தனை? ஜீப் நிற்குமிடத்துக்கு அடுத்த முறை கரை வேட்டிகள் வந்து மேலேயா, கீழேயா என்று கேட்டால், நம் தாய்மார்கள் முதலில் இந்தக் கணக்கைக் கேட்கட்டும்.