கார்ட்டை விற்க முதல் பெட்டியைத் திறந்து பாருங்கள்

 

கிரான், வாழைச்சேனை, ஓட்டமாவடிப் பக்கம் படிக்கிற பிள்ளைகள் உள்ள பல வீடுகளில் இருப்பது ஒரே மாதிரியான கொம்பியூட்டர்தான். வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்த சின்னப் பெட்டி. டெல் ஒப்டிபிளெக்ஸ் 7010, எச்பி கொம்பெக் 8300 போன்றவை. 2012 அளவில் வந்த மெஷின்கள். அவற்றை வாங்கியதில் பிழை ஒன்றும் இல்லை. நல்ல உழைப்பாளிகள்.

அது மெதுவாகும்போதுதான் வியாபாரம் தொடங்குகிறது. "கிராபிக்ஸ் கார்ட் ஒன்று போட்டால் புது மெஷின் மாதிரி ஓடும்" என்கிறார்கள். வாப்பா கட்டாரில் வெயிலில் நின்று அனுப்பிய காசும், பக்கத்து வீட்டு அப்பா நெல் விற்ற காசும் அதற்குப் போகின்றன. கொம்பியூட்டர் பழையபடியே ஊர்கிறது.

நேராகவே சொல்கிறோம். படிக்கிற பிள்ளையின் மெதுவான கொம்பியூட்டருக்கு கிராபிக்ஸ் கார்ட் மருந்தல்ல. காய்ச்சல்காரனுக்கு மூக்குக்கண்ணாடி விற்கிற வேலை இது.

சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் நாங்கள் படிப்பிக்கும் பாஸ்கல், பைதன், எச்டிஎம்எல், விரிதாள், தரவுத்தளம் எதுவும் தனிக் கார்ட் கேட்பதில்லை. மெஷின் திறக்கவே ஐந்து நிமிடம் எடுக்கிறது என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது பழைய ஹார்ட் டிஸ்க்கை. அதைக் கழற்றி எஸ்.எஸ்.டி. போடுங்கள். அடுத்தது ரேம். 4 ஜிபி ஒற்றைத் துண்டாக இருந்தால் அதே அளவில் இன்னொன்று சேருங்கள். இந்தப் பெட்டிகளில் படம் காட்டும் பகுதி புரொசசருக்குள்ளேயே இருக்கிறது. அது தன் வேலைக்கு ரேமிலிருந்துதான் கடன் வாங்குகிறது. இரண்டு துண்டு இருந்தால் தரவு போய்வரும் பாதை இரட்டிப்பாகும், படமும் சேர்ந்து வேகமாகும். இதைச் சொன்னால் கார்ட் விற்காது. அதனால் சொல்வதில்லை.

சரி, பிள்ளை வீடியோ எடிட்டிங் பழகுகிறான், கலியாண வீடியோ வெட்டி நாலு காசு உழைக்கப் பார்க்கிறான். அவனுக்குக் கார்ட் தேவைதான். விளையாடத்தான் வேண்டும் என்றாலும் அது அவரவர் வீட்டு முடிவு. அப்படியானால் இந்தப் பெட்டியின் அளவை அறிந்து விற்க வேண்டும். கேஸிங் ஒடுக்கம், குட்டை உயரக் கார்ட் மட்டுமே போகும். பவர் சப்ளை மொத்தமே 240 வாட். அதன் வடிவமும் வேறு, சாதாரண பவர் சப்ளை வாங்கி மாற்ற முடியாது. பெரிய கார்ட்டுக்குத் தேவையான தனி மின்வயர் அதில் கிடையாது. கார்ட் செருகும் இடத்தில் கிடைப்பது உச்சமாக 75 வாட், சில கம்பெனிகள் சின்னப் பெட்டிகளில் அதையும் குறைத்து வைத்திருக்கின்றன. பழைய நீல முனை விஜிஏ மொனிட்டர் வைத்திருப்பவர் ஜிடி 1030 வாங்கினால் அதில் செருக இடமே இருக்காது, மாற்றி ஒன்று தனியாக வாங்க வேண்டும். இத்தனையையும் காசு வாங்க முதல் சொன்ன கடைக்காரர் எத்தனை பேர்?

அதே ஜிடி 1030 என்ற பெயரில் இரண்டு சாமான் இருக்கிறது. 2017 இல் வந்தது ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு. 2018 இல் அதே பெயரில் டிடிஆர்4 போட்டு இன்னொன்றை விட்டார்கள். முதலாவது நினைவகம் செக்கனுக்கு 48 ஜிபி தரவு கொடுக்கும், இரண்டாவது 17 ஜிபி கூட இல்லை. இரண்டிலும் 2 ஜிபி என்றுதான் எழுதியிருக்கும். இதைவிட மோசம், 2011 காலத்து ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற கார்ட்டுக்குள் பெயரை மாற்றி எழுதி, 1050 டிஐ என்று விற்கும் போலிகள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். பல போலிகளை அது பெயரின் முன்னாலேயே போலி என்று எழுதிக் காட்டிவிடும்.

"கேட்கிறார்கள், கொடுக்கிறோம்" என்று சில கடைக்காரர்கள் சொல்கிறார்கள். கேட்பவருக்குத் தெரியாது, விற்பவருக்குத் தெரியும். வித்தியாசமே அதுதான். அளவையில் மோசடி செய்பவர்களைக் கண்டிக்க முதஃப்பிஃபீன் என்று ஒரு சூறாவே இருக்கிறது. தராசு மட்டும்தான் அளவை என்று யார் சொன்னது? 48 ஐக் கேட்டவனுக்கு 17 ஐக் கொடுப்பதும் அளவைக் குறைப்புத்தான். வாங்குபவர் தமிழரா முஸ்லிமா என்பது இதில் கணக்கே இல்லை.

இன்னுமொன்று. விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. 2012 காலத்துப் புரொசசர்களை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் பட்டியலில் சேர்க்கவில்லை. எவ்வளவு விலையான கார்ட் போட்டாலும் அது மாறாது. அந்த மெஷினில் பெரிய காசைக் கொட்ட முதல் லினக்ஸ் போட்டுப் பாவிக்கலாமா என்று யோசியுங்கள், அது இலவசம்.

கடைக்காரச் சகோதரர்களிடம் கேட்பது மூன்று. கார்ட் விற்க முதல் பெட்டியைத் திறந்து பாருங்கள். நினைவக வகையையும் வாட்டையும் பில்லில் எழுதிக் கொடுங்கள். கடையிலேயே பொருத்தி ஓட்டிக் காட்டுங்கள். நேர்மையாகச் செய்பவருக்கு இதில் நட்டமில்லை, நாங்களே ஆள் அனுப்புவோம்.

பெற்றோரிடம் கேட்பது ஒன்று. காசு கொடுக்க முதல் உங்கள் பிள்ளையின் பாடசாலையில் தகவல் தொழினுட்பம் படிப்பிக்கும் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பெட்டியைத் திறந்து பார்த்துச் சொல்ல எங்களுக்குப் பத்து நிமிடம் போதும். அதற்கு நாங்கள் காசு வாங்க மாட்டோம்.